எஃப்.டி. என்று சொல்லி எழுதி வாங்கும் பாலிசி: வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை ஓய்வூதியர்கள் கவனத்துக்கு

2022இல் காட்பாடியில் லட்சத்துக்கு மாதம் ஆறாயிரம், எட்டாயிரம் தருவதாகச் சொன்ன இடத்தில் போட்டு எத்தனை குடும்பம் நொந்துபோனது என்று நம்ம பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு பெரியவர்கள் பேங்க்கைத் தவிர வேறெங்கும் போக மாட்டேன் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த நம்பிக்கையை வைத்தே பேங்க் கிளைக்குள் உட்காரவைத்து, எஃப்.டி. என்று சொல்லி இன்சூரன்ஸ் பாலிசியை எழுதி வாங்கி ஏமாற்றுகிறார்கள்.

சத்துவாச்சாரியில் 62 வயதுப் பெரியவர் ஒருவருக்கு நடந்தது இது. கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) எல்லாம் சேர்ந்து 15 லட்சம் சேமிப்புக் கணக்கில் வந்த வாரமே கிளையிலிருந்து போன். "சார், பத்து லட்சத்தை எஃப்.டி. போட்டுடலாம். மீதி அஞ்சு லட்சத்துக்கு ஸ்பெஷல் எஃப்.டி. இருக்கு, வட்டி அதிகம், வரியும் கிடையாது" என்றார்கள். டேப்லெட் திரையில் கையெழுத்து, போனுக்கு வந்த ஓ.டி.பி., பத்து நிமிஷத்தில் முடிந்தது. "நைனா பேங்க்லதானே போட்டிருக்காரு" என்று பிள்ளைகளும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அதே தேதிக்கு இன்னும் 5 லட்சம் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

பாலிசிப் பத்திரத்தைப் பிரித்தால் விஷயம் முதல் இரண்டு பக்கத்திலேயே இருக்கிறது. பிரீமியம் கட்டும் காலம் 7 ஆண்டு, பாலிசி காலம் 15 ஆண்டு. ஏழு வருஷத்துக்கு மொத்தம் 35 லட்சம். இவர் கையிலிருந்ததே 15. காப்பீடு செய்யப்பட்டவர் இவர் இல்லை, 34 வயது மகன். அப்பாவின் வயதுக்குப் பாலிசி கிடைப்பது கடினம் அல்லது கட்டணம் ஏறும் என்பதால் மகன் பேரில் எழுதிவிடுவார்கள். நாளைக்குப் பெரியவருக்கு ஒன்று ஆனால் வீட்டுக்குக் காப்பீட்டுத் தொகை வராது. பெரியவரின் ஆண்டு வருமானம் 12 லட்சம், தொழில் வியாபாரம் என்று போட்டிருக்கிறது. வருமானத்தை உள்ளபடி எழுதினால் அவ்வளவு பெரிய பிரீமியத்துக்கு நிறுவனம் ஒத்துக்கொள்ளாது, அதனால்தான். மின்னஞ்சல் முகவரி யாருடையது என்றே தெரியவில்லை. அந்த இடத்தை முதலில் பாருங்கள். பாலிசி மின்வடிவில் அங்கே போய்ச் சேர்ந்தால் உங்களுக்குத் தெரியாமலே ரத்து செய்வதற்கான கெடு ஓட ஆரம்பித்துவிடும்.

அந்தக் கெடு 30 நாள். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் காரணம் சொல்லி ரத்து செய்யலாம். இதை ஃப்ரீ லுக் என்பார்கள். முத்திரைத் தீர்வை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, அதுவரையான காப்பீட்டுக் கட்டணம் இவ்வளவுதான் பிடிப்பார்கள். கடிதத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயருக்கு எழுதுங்கள். பாலிசி நகல், ரத்து செய்த காசோலை, அடையாள அட்டை நகல் வைத்து, இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கிளம்பாதீர்கள். "அடுத்த வாரம் வாங்க சார், மேனேஜர் லீவு" என்றால் அங்கிருந்தே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். இழுத்தடித்து 30 நாளைத் தாண்டவைப்பது வழக்கமாக நடக்கிறது.

பணம் போட்ட அன்றே பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்ப்பது நல்லது. எஃப்.டி. ரசீதில் வட்டி விகிதம், முதிர்வுத் தேதி, முதிர்வுத் தொகை இருக்கும். பிரீமியம், பாலிசி எண், காப்பீட்டுத் தொகை என்று எங்கேயாவது இருந்தால் அது எஃப்.டி. இல்லை. நிறுவனத்திலிருந்து சரிபார்க்கும் அழைப்பு வரும். "எல்லாத்துக்கும் எஸ் சொல்லுங்க, சும்மா ஃபார்மாலிட்டி" என்று பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் பதிவுதான் பிறகு உங்களுக்கு எதிராக வரும். புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள்.

30 நாள் தாண்டிவிட்டதா? அப்போதும் வழி இருக்கிறது. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு, தவறாகச் சொல்லி விற்றார்கள் என்று எழுத்தில் கொடுங்கள். முன்மொழிவுப் படிவம் (பாலிசி கேட்டு நிரப்பிய விண்ணப்பம்), கையெழுத்திட்ட பலன் விளக்கப் பட்டியல், அழைப்பின் ஒலிப்பதிவு மூன்றையும் கேளுங்கள். படிவத்தில் உள்ள வருமானமும் உங்கள் பென்ஷன் ஆணையில் உள்ளதும் ஒத்துப்போகாததே வலுவான ஆதாரம். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் அதிகாரி) ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் உதவி எண் 155255. நாங்கள் ஏஜென்ட் மட்டும்தான் என்று பேங்க் கைகழுவினால், பேங்க்கிடமும் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனை அணுகுங்கள், எண் 14448.

அடுத்த தவணையைக் கட்டுவதா விடுவதா என்று அவசரமாக முடிவெடுக்காதீர்கள். பழைய விதிப்படி ஒரே ஒரு தவணை கட்டி நிறுத்தியவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் திரும்பி வராது. 2024 அக்டோபருக்குப் பிறகு எடுத்த பாலிசியில் ஓராண்டு முடிந்தபின் சரண்டர் தொகை (பாலிசியை இடையில் முடித்துக்கொண்டால் திரும்பக் கிடைப்பது) உண்டு, ஆனால் கட்டியது முழுசாக வராது. எவ்வளவு வரும் என்று எழுத்தில் வாங்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இன்னும் எங்கும் போடாதவர்களுக்கு: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் தபால் ஆபீசிலும் உண்டு, பேங்க்கிலும் உண்டு. ஆனால் பேங்க்கில் அதை அவர்களாகச் சொல்வது அபூர்வம், நாமே பேர் சொல்லிக் கேட்க வேண்டும். 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. போடும் நாளில் உள்ள விகிதமே ஐந்து ஆண்டுக்கும் நிற்கும். அந்த விகிதத்தில் 15 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் கணக்கில் வந்து விழும். 60 வயது ஆகாதவர்களில் 55க்கு மேல் ஓய்வு பெற்றவர்களும், ராணுவத்திலிருந்து வந்தவர்கள் 50 வயது முதலும் சேரலாம். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் இது பலருக்குப் பொருந்தும். ஓய்வுப் பணம் கைக்கு வந்த உடனே, இப்படி 60 வயதுக்கு முன்பே சேரக் கெடு எவ்வளவு என்று தபால் ஆபீசில் கேட்டுவிடுங்கள். தாமதித்தால் 60 வயது வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும்.