ஜிப்சிக்கு கேஸ் கிட் போடப் போறீங்களா, ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாத்துட்டு காசக் குடுங்க

கோயமுத்தூர்ல ஒரு கேஸ் கன்வர்ஷன் கடையில நான் ஏமாந்த கதை இது. கடை பேர் போடல, இன்னும் பாக்கி காசு வர வேண்டியிருக்கு, அதுவுமில்லாம இது ஒரே ஒரு கடையோட வியாதியும் இல்ல.

என்கிட்ட இருக்கறது 98 மாடல் ஜிப்சி கிங், கார்புரேட்டர் வண்டி. பெட்ரோல் குடிக்கறத பத்தி ஜிப்சி வச்சிருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. கோத்தகிரிக்கு மேல எங்க மாமா தோட்டத்துக்கு மாசம் ரெண்டு தடவையாவது போகணும், கடைசி மூணு கிலோமீட்டர் வெறும் ஜல்லியும் சேறும், 4L (நாலு சக்கரமும் இழுக்கற லோ கியர்) போட்டாத்தான் ஏறும். சரி எல்பிஜி கேஸ்ல ஓட்டுனா கொஞ்சம் மிச்சமாகும்னு டேங்கு, கிட்டு, ஆர்சி புக்ல ஏத்தறது எல்லாம் சேத்து 34,000 குடுத்து போட்டேன்.

ஊருக்குள்ள ஒரு மாசம் அருமையா ஓடுச்சு. மொத தடவ மலை ஏறுனப்ப குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி நாலஞ்சு வளைவு போனதும் வண்டி இழுக்காம திணறி கேஸ் வாடை வேற அடிச்சு அப்படியே நின்னுருச்சு. பானெட்ட தூக்கிப் பாத்தா வேப்பரைசர் (டேங்க்ல இருந்து வர்ற திரவத்த ஆவியாக்கி இன்ஜினுக்கு அனுப்பற பெட்டி, கடைக்காரங்க கிட்டுன்னு சொல்றது இதத்தான்) மேல வெள்ளை வெளேர்னு ஐஸ், பழைய பிரிட்ஜ்ல பிரீசர் பெட்டிய சுத்திக் கட்டியிருக்குமே அந்த மாதிரி. சும்மா இருக்காம விரல வச்சேன், ஒட்டிக்கிச்சு, புடுங்கி எடுக்கறதுக்குள்ள எரிச்சல் தாங்கல. இத்தனைக்கும் ஜூன் மாசம், மத்தியானம் ரெண்டு மணி, வெயில் சுள்ளுன்னு அடிக்குது. அன்னைக்கி பெட்ரோலுக்கு மாத்தி வந்து சேந்துட்டேன்.

கடைக்குப் போய் சொன்னா, "மலைக் குளிருங்க சார், மேல கேஸ் வண்டின்னா அப்படித்தானுங்க, பில்டர் மாத்திட்டா சரியாப் போயிரும்"னாரு. 1,800. ஓட்டிப் பாத்தோம், கடைய சுத்தி நாலு ரவுண்டு, நல்லாத்தான் போச்சு. போகாதா பின்ன, சமவெளியில ஆக்சிலேட்டர மிதிக்காம ஓட்டுனா கேஸ் கொஞ்சமாத்தான் போகும், பானெட்டுக்குள்ள இருக்கற சூடே போதும். ஏத்தத்துல மிதிச்சாத்தான் நோய் தெரியும். பத்து பதினஞ்சு நிமிஷம் நிறுத்தி வச்சா ஐஸ் தானா உருகி திரும்பவும் ஓடும், அதனால மெக்கானிக் பாக்கறப்ப வண்டி எப்பவும் நல்லாவே இருக்கும். இது எனக்கு அப்ப தெரியல.

ரெண்டாவது தடவையும் அதே எடத்துல நின்னுச்சு. இப்ப, "கிட்டே பீஸ் சரியில்லீங்க, இத்தாலி மாலு ஒண்ணு இருக்கு, நம்ம வண்டிக்குன்னு எடுத்து வெச்சேன்"னு 13,500 வாங்கிட்டாரு. பில் கேட்டேன், "ஜிஎஸ்டி சேருமுங்களே"ன்னு இழுத்தாரு, நானும் மிச்சம்னு விட்டுட்டேன். அதுதான் நான் பண்ண பெரிய முட்டாத்தனம். அது முடிஞ்சு மறுபடி நின்னப்ப டேங்க் வால்வு போயிருச்சு 6,000 ஆகும்னாரு, அப்பத்தான் எனக்கே லேசா பொறி தட்டுச்சு.

டிசம்பர்ல ஊட்டியில ஒரு ரிசப்ஷனுக்குப் போய்ட்டு ராத்திரி கோத்தகிரிக்கு திரும்பறப்ப கட்டபெட்டு பக்கத்துல நின்னுருச்சு. கேஸ் போட்டவங்க பண்ற தப்ப நானும் பண்ணியிருந்தேன், பெட்ரோல் டேங்க்ல ஒரு சொட்டு இல்ல. டீக்கடை ஒண்ணு சாத்தப் போற நேரம், அங்க நின்ன ஒருத்தர் பழைய பேப்பர கொளுத்தி அடியில காட்டுனா உருகிரும்னு ஐடியா குடுக்கறாரு. யாரும் இத மட்டும் செஞ்சுராதீங்க, எல்பிஜி காத்த விட கனம், லீக் ஆனா மேல போகாது, கீழயேதான் தேங்கி நிக்கும். நல்லவேளை பெஞ்சுல ஒக்காந்திருந்த ஒரு பெரியவர் எந்திரிச்சு வந்தாரு, முப்பது வருஷமா அந்தப் பக்கம் ஜீப்பும் வேனும் ஓட்டறவராம். "தம்பி, தீ கீ எதுவும் காட்டாதீங்க, அக்காகிட்ட பாய்லர் தண்ணி வாங்கியாங்க"ன்னாரு. ரெண்டு சொம்பு வெந்நி, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனாரு, பட பட்டுனு சத்தத்தோட ஐஸ் பாளமா விழுந்துச்சு.

வண்டிய ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் உறும விட்டுட்டு, வேப்பரைசருக்கு வர்ற ரெண்டு தண்ணி ஹோஸையும் என்னையவே புடிச்சுப் பாக்கச் சொன்னாரு. ஒண்ணு லேசா வெதுவெதுப்பு, இன்னொண்ணு ஜில்லுன்னு இருக்கு. "ரெண்டும் கை பொறுக்காத சூட்டுல இருக்கணும் தம்பி. உங்களுக்கு தண்ணியே ஓடல."

அவர் சொன்ன விளக்கம் இவ்வளவுதான். டேங்க்ல கேஸ் திரவமா இருக்கு, வேப்பரைசர்ல பிரஷர் எறங்குனதும் கொதிச்சு ஆவியாகுது. புரொபேன் மைனஸ் 42 டிகிரிலயே கொதிக்கும், பியூட்டேன் சைபருக்கு பக்கத்துல. ஆனா ஆவியாக சூடு வேணும், அந்த சூட்ட ஹோஸ் வழியா வர்ற இன்ஜின் கூலன்ட் தண்ணிதான் குடுக்கணும், அது வரலேன்னா கிட்டோட ஒடம்புல இருந்தே உறிஞ்சி ஐஸாக்கிரும். கல்யாண சமையல்காரங்க பெரிய அடுப்பு எரியறப்ப சிலிண்டர தண்ணித் தொட்டியில நிறுத்தி வைப்பாங்களே, அதே சங்கதி. கோயமுத்தூர் மே மாச வெயில்லயும் ஐஸ் கட்டும், மலைக் குளிருக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல.

அடுத்த நாள் கோத்தகிரில அவருக்கு தெரிஞ்ச பட்டறையில பிரிச்சோம். ரெண்டு ஹோஸையும் ஒரே லைன்ல ஒரு சாண் இடைவெளில T ஜாயின்ட் போட்டு சொருகியிருக்காங்க. நேரா போற வழிய விட்டுட்டு தண்ணி எதுக்குங்க சுத்திக்கிட்டு வேப்பரைசருக்குள்ள போகும்? ஒண்ணு பிரஷர் இருக்கற பக்கம், இன்னொண்ணு வாட்டர் பம்ப் உறிஞ்சற பக்கம்னு குடுத்தாத்தான் ஓட்டம் இருக்கும். வேப்பரைசர ரேடியேட்டர் மூடிக்கும் மேல உயரத்துல மாட்டுனதுல உள்ள காத்து அடைச்சு ஏர்லாக் வேற. இதெல்லாம் பத்தாதுன்னு, இன்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம புடிச்சு வைக்கற தெர்மோஸ்டாட் இருக்கே, அதோட ஹவுசிங்க தொறந்தா உள்ள காலி! "ஓவர்ஹீட் ஆகாம ஒரு சின்ன வேலை பண்ணியிருக்கேன்"னு கடைக்காரர் அன்னைக்கி சொன்னது இதத்தான். நம்மூரு மெக்கானிக்குகளுக்கு தெர்மோஸ்டாட் மேல என்ன கோவமோ, கழட்டி வீசலேன்னா தூக்கம் வராது.

வேப்பரைசர கீழ எறக்கி, ஹோஸ் மாத்தி, புது தெர்மோஸ்டாட் போட்டு, கூலன்ட் ஊத்தி காத்து எடுத்து மொத்தமே 2,300 ஆச்சு. வேப்பரைசர கழட்டுனப்ப அடியில நம்பர் தகடு கண்ணுல பட்டுச்சு. ஆர்டிஓ வேலைக்குன்னு மொதல்ல போட்ட கிட்டோட நம்பர போட்டோ எடுத்து வச்சிருந்தேன், போன்ல தேடிப் பாத்தா அதே நம்பர். இத்தாலியும் இல்ல ஒண்ணும் இல்ல, என்னோட பழைய கிட்டையே தொடச்சு சில்வர் பெயின்ட் அடிச்சு எனக்கே வித்துருக்காங்க. ஸ்க்ரூ தலையில கூட பெயின்ட் ஏறியிருக்கு.

டேங்க் வால்வு விஷயத்தையும் பெரியவர்கிட்ட கேட்டேன். ஐஸ் எங்க மொதல்ல கட்டுதுன்னு பாருங்க, பிரஷர் எறங்கற எடத்துலதான் கட்டும்னாரு. பில்டர் கூட்டுல கட்டுனா பில்டர் அடைப்பு, டேங்க் வால்வுலயே கட்டுனா வால்வு முழுசா தொறக்கல, வேப்பரைசர்ல மட்டும் கட்டுனா வெந்நி வரல. என் வண்டில பில்டரோ வால்வோ ஒரு நாளும் வேர்க்கக் கூட இல்ல. காலையில பெட்ரோல்ல எடுத்து ஹோஸ் சூடானதுக்கு அப்புறம் கேஸுக்கு மாத்தணும், கூலன்ட் கொறஞ்சாலும் இதே மாதிரி நிக்கும், அதையும் பாத்துக்கச் சொன்னாரு.

போட்டோவையும் கிட்டையும் எடுத்துட்டு கடைக்குப் போனேன். மொதல்ல பையன் மாத்தி மாட்டிட்டான்னாரு, அப்புறம் குரல ஒசத்துனாரு, பக்கத்து கடைக்காரங்க எட்டிப் பாக்க ஆரம்பிச்சதும் 4,000 எடுத்து நீட்டுனாரு. மீதி 9,500 பொங்கலுக்கு அப்புறம்னாரு. நுகர்வோர் புகார் நம்பர் 1915க்கு போன் போட்டேன், பில் இருக்கான்னுதான் கேட்டாங்க, என்கிட்ட இருந்தது ஜிபே பண்ண ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான், அத வச்சு புகார் குடுத்திருக்கேன். பொங்கல் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு, கடைக்காரர் என் நம்பர பாத்தா போன எடுக்கறதில்ல.