"டிவி வருதே அக்கா": ஒரே கேபிள்காரரிடம் 16 வருட இன்டர்நெட்

2009இல் ஆதம்பாக்கம் வீட்டுக்குக் குடிவந்தபோது அங்கே டெலிபோன் லைன் இல்லை. மாசக் காசு வாங்க வந்த கேபிள்காரப் பையன்தான், "டிவி ஒயர்லயே நெட்டும் குடுக்கிறோம் அக்கா, நாளைக்கே போட்டுடலாம்" என்றான். மறுநாளே போட்டும் விட்டான். அன்று முதல் இன்று வரை அதே கேபிள்காரர்தான். அவருக்கு மேலே இருக்கும் பெரிய நிறுவனம் மாறிவிட்டது, வீட்டுக்குள் வரும் ஒயரும் இரண்டு முறை மாறிவிட்டது. எனக்கும் அவருக்கும் நடக்கும் சண்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

என் பிழைப்பு கல்யாண ஆல்பம் டிசைன். நாற்பது ஷீட் ஆல்பம் என்றால் கடைசியில் பிரிண்ட் போடும் லேபுக்கு அனுப்ப வேண்டிய கோப்புகள் எப்படியும் 800 எம்பி இருக்கும். அன்று எனக்குக் கிடைத்த பிளான் 512 கேபிபிஎஸ். அது கீழே வரும் வேகம். மேலே அனுப்ப 256தான். ஒரு ஆல்பம் ஏற 7 மணி நேரம். நடுவில் ஒருமுறை அறுந்தால் முதலிலிருந்து. கோடம்பாக்கத்தில் இருந்த லேபுக்கு பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போனால் முக்கால் மணி நேரம். ரொம்ப நாள் ஸ்கூட்டிதான் என் அப்லோடு.

மேலே அனுப்பும் வேகம் ஏன் அவ்வளவு சோப்ளாங்கி என்று புரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. கேபிள் டிவிக்காகப் போட்ட கம்பி அது. சேனல்களைத் திரட்டி அனுப்பும் கேபிள் நிலையமான ஹெட்-எண்டில் இருந்து வீடு வரை ஒரே திசையில் படம் காட்டத்தான் போட்டார்கள். ஒவ்வொரு சேனலுக்கும் அந்தக் கம்பியில் ஒரு அலைவரிசைத் துண்டு உண்டு. இன்டர்நெட்டுக்கும் அதேபோல ஒரு சேனல் இடத்தை ஒதுக்கினால் போதும், வீட்டு மோடம் அதை மட்டும் பிடித்துக்கொள்ளும். உலகம் முழுக்க இதற்கான விதிமுறை டாக்சிஸ்; 1997இல் அதன் முதல் பதிப்பு வந்தது. அமெரிக்க அளவில் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சேனல் இடத்தில் சுமார் 38 எம்பிபிஎஸ் கீழே அனுப்பலாம். அதை ஒரு நோடின், அதாவது வட்டாரத்துக்குச் சிக்னலைப் பிரித்துத் தரும் பெட்டியின், கீழ் இருக்கும் அத்தனை வீடும் பங்கு போட்டுக்கொள்ளும். ராத்திரி ஒன்பது மணிக்கு நெட் தவழ்வது ஏன் என்றால் இதுதான்.

திரும்பிப் போகும் பாதைக்குக் கிடைத்தது டிவி சேனல்களுக்கு அடியில் மிச்சமிருந்த இடம், அந்த அமெரிக்கக் கணக்கில் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை. மோட்டார், சுவிட்ச், டியூப்லைட் எல்லாம் இரைச்சலைக் கொட்டுவதும் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான். கீழே வரும்போது ஒரு இடத்திலிருந்து பல வீட்டுக்குப் பிரிகிறது. மேலே போகும்போது பல வீட்டின் குப்பையும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கிறது. தெருவில் ஒரு வீட்டில் ஜாயிண்ட் சரியில்லை என்றாலும் மொத்தத் தெருவுக்கும் தலைவலி.

இதை நான் எதிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2011 வாக்கில் தினமும் காலை ஏழரை மணிக்கு நெட் போய்விடும். எட்டரைக்குத் தானாக வந்துவிடும். மோடத்தில் மற்ற விளக்கெல்லாம் பச்சையாக நிற்கும், 'யூஎஸ்' (அப்ஸ்ட்ரீம், மேலே அனுப்பும் பாதை) என்று எழுதிய விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். போன் செய்தால் கேபிள்காரர் கேட்கும் முதல் கேள்வி, "டிவி வருதா அக்கா?" வரும். அம்மாவுக்கு பக்திப் பாடல் கண்ணாடி மாதிரி வரும். "டிவி வருதே அக்கா, அப்ப லைன் நல்லாத்தான் இருக்கு. உங்க கம்ப்யூட்டர்லதான் ஏதோ." இந்த வாக்கியத்தை அப்புறம் நான் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை.

ஒருநாள் பையனைக் காலை ஏழு மணிக்கே வரச் சொல்லி, காபி கொடுத்து உட்கார வைத்தேன். சரியாக ஏழரைக்குக் கீழ்வீட்டில் மிக்சி ஓடியது. சட்னி. யூஎஸ் விளக்கு சிமிட்டியது. மிக்சி நின்றது, சிமிட்டலும் நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கீழே போய்ப் பார்த்தால், அந்த வீட்டு டிவிக்குப் போகும் ஒயரைக் கனெக்டர் இல்லாமல் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, மிக்சி பிளக் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே ஓட்டியிருந்தார்கள். உள்கம்பியை மூடியிருக்க வேண்டிய வலை அந்த இடத்தில் திறந்து கிடந்தது. பத்து ரூபாய் கனெக்டர் ஒன்றைப் போட்டான். பையில் கிரிம்பிங் டூல் இல்லை, பல்லால் கடித்து இறுக்கினான். தெரு முழுக்க நெட் சரியானது. டிவி ஒருவழி, கொஞ்சம் குப்பை கலந்தாலும் பொறுத்துக்கொள்ளும். நெட் பேச்சுவார்த்தை மாதிரி. அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு நாம் பேசுவது கேட்க வேண்டும்.

அதன்பிறகு நானும் கொஞ்சம் தேறிவிட்டேன். பிரவுசரில் 192.168.100.1 என்று போட்டால் கேபிள் மோடம் தன் ஜாதகத்தையே காட்டும். கீழே வரும் சிக்னல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது, மைனஸ் 15ஐத் தொட்டால் நோயாளி. மோடம் மேலே அனுப்பும் பவர் 55ஐத் தாண்டினால், தொண்டை கிழியக் கத்தியும் அந்தப் பக்கம் காதில் விழவில்லை என்று அர்த்தம். மோடம் எழுதி வைக்கும் குறிப்பில் (லாக்) 'டி3 டைம் அவுட்' என்று வரிசையாக இருந்தால் கூப்பிட்டதற்குப் பதிலே வரவில்லை. இந்த எண்களைச் சொல்ல ஆரம்பித்த பிறகு கேபிள்காரர் என்னிடம் பேசும் தொனியே மாறியது. டிவிக்கும் மோடத்துக்கும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றும் சிக்னலைப் பாதியாக்கிவிடும். எங்கள் வீட்டில் முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன மூன்று ஸ்ப்ளிட்டர் வரிசையாக இருந்தன. இரண்டைப் பிடுங்கி எறிந்தேன்.

2012 மின்வெட்டுக் காலம் தனிக் கதை. வழியில் சிக்னலுக்குத் தெம்பு கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் அடுத்த தெருவில் ஒரு வீட்டு மாடியில் இருந்தது. அந்த வீட்டுக்குக் கேபிள் இலவசம், பதிலுக்கு அவர்கள் கரண்ட். எங்கள் தெருவுக்கு 10 மணி முதல் 12 வரை கட், அந்தத் தெருவுக்கு 12 முதல் 2 வரை. ஆக எனக்கு நான்கு மணி நேரம் நெட் இல்லை. இன்வெர்ட்டர் வாங்கினாலும் அந்தத் தெருவின் இரண்டு மணி நேரம் போனது போனதுதான்.

நடுவில் நல்ல காலமும் இருந்தது. செட்டாப் பாக்ஸ் கட்டாயமானபோது தெருவில் எல்லோரும் திட்டினார்கள். ஆனால் பழைய அனலாக் முறையில் ஒரு சேனல் அடைத்த இடத்தில் டிஜிட்டலில் பத்துச் சேனலை அடுக்கலாம். மிச்சமான இடம் இன்டர்நெட்டுக்கு வந்தது. 2014இல் டாக்சிஸ் 3.0 மோடம் கொடுத்தார்கள். பல சேனல்களை ஒன்றாகக் கட்டி ஓட்டும் வகை. திடீரென்று 50 எம்பிபிஎஸ். அப்லோடு? 2. ஸ்கூட்டியை விற்கவில்லை.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் கேபிள் மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. 11 நாள் ஒன்றுமில்லை. பிறகு வந்தது பழைய கம்பி இல்லை. மொட்டை மாடி விட்டு மொட்டை மாடி லேன் ஒயர் இழுத்து, மாடிப்படி அடியில் நெட்டைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் ஒரு சுவிட்ச் பெட்டி வைத்தார்கள். டிவிக்குத் தனி ஒயர். 'கேபிள் நெட்' என்று நம் ஊரில் பல பேர் வாங்கியது இந்த லேன் ஒயர்தான், மோடமே கிடையாது. பழைய ஆம்ப்ளிஃபையர்கள் பல ஒருவழிதான். இருவழியாக மாற்றச் செலவு செய்வதைவிட ஒயர் இழுப்பது மலிவு. அப்லோடும் டவுன்லோடும் சமமாக வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இடி இடித்தால் சுவிட்ச் காலி. ஒரே மழைக்காலத்தில் என் ரூட்டரின் லேன் போர்ட் இரண்டு தடவை செத்தது. ஈடு கேட்டேன், சிரித்தார்கள்.

2019இல் ஃபைபர். தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை, வீட்டில் அந்த ஒளியை நெட்டாக மாற்றும் 'ஓஎன்யூ' என்ற பெட்டி. இடி பயம் இல்லை, வழியில் யார் வீட்டுக் கரண்டும் வேண்டாம். 100 எம்பிபிஎஸ் கீழே, 100 மேலே. முதல் ஆல்பம் ஏற ஆன நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். நான் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. நம்பாமல் லேபுக்கு போன் செய்து கேட்டேன். அடுத்த வருடம் ஊரடங்கில் தெருவே வீட்டிலிருந்து வேலை பார்த்தபோதும் அது அசரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. எலியோ லாரியோ இழையை அறுத்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். செம்புக் கம்பி மாதிரி இழுத்துக்கொண்டு கிடக்காது. அறுந்த இழையை ஒட்டும் மெஷின் கேபிள்காரரிடம் ஒன்றே ஒன்று, அது எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருவுக்கு யோகம். பல வீடுகளுக்குப் பொதுவான ஒரு ஐபி முகவரிதான் தருகிறார்கள், அதனால் வாசல் கேமராவை வெளியிலிருந்து நேரடியாகத் திறக்க முடியவில்லை. புதிதாகக் கேபிள் நெட் வாங்குவோர் வேகத்தைக் கேட்பதற்கு முன் வீட்டுக்குள் வருவது எந்த ஒயர், அப்லோடு எவ்வளவு, ஒட்டும் மெஷின் யாரிடம் என்று கேளுங்கள்.

டிவியும் இப்போது அதே இழையில்தான். நெட் 1490 நானோமீட்டர் ஒளியில் வருகிறது, 1310இல் திரும்பிப் போகிறது, டிவிக்கு 1550. போன மாதம் சுவருக்கு வெள்ளையடித்தவர்கள் பெட்டிக்குப் பின்னால் இழையை மடக்கிச் செருகிவிட்டார்கள். இழை மடங்கினால் நீளமான அலைதான் அதிகம் கசியும். போதாததற்கு டிவி பகுதிக்கு நெட்டைவிட நிறைய வெளிச்சமும் வேண்டும். என் ஆல்பம் பறந்தது, அம்மாவின் சீரியல் கட்டம் கட்டமாக உடைந்தது. நான் வேலையில் இருந்ததால் அம்மாவே போன் போட்டார். ஸ்பீக்கரில் அதே குரல், இப்போது கொஞ்சம் கரகரத்து:

"நெட்டு வருதாம்மா?"

"வருதுப்பா."

"நெட்டு வருதேம்மா, அப்ப லைன் நல்லாத்தான் இருக்கு. உங்க டிவியிலதான் ஏதோ."