வளர்ப்பு மருமகளா, வளர்ந்த மருமகளா: பழைய சீனக் குடும்பத்தின் கணக்கு

தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன், ஜியாங்சி மாகாணங்களிலும் தைவானிலும் மகனைப் பெற்ற குடும்பத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன: வயது வந்த பெண்ணை மணம் பேசுவது, அல்லது பெண் கைக்குழந்தையை வாங்கி மகனோடு வளர்த்து, பின்னாளில் அவனுக்கே மணமுடிக்கும் 'தோங்யாங்ஷி' எனும் வளர்ப்பு மருமகளாக்குவது.

செலவு: வளர்ந்த மணமகளுக்குப் பரிசப்பணம், பல்லக்கு, விருந்து என ஏழை வீடு கடனில் மூழ்கும். வளர்ப்பு மருமகளுக்கோ திருமணச் சடங்கே அநேகமாக இல்லை. தைவானில் சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் வீட்டார் உண்டு முடித்தபின், வளர்ந்துவிட்ட மகனையும் அவளையும் ஒரே அறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

மாமியார் உறவு: வளர்ந்தவள் அந்நியளாக நுழைகிறாள். குழந்தையை மாமியாரே பாலூட்டி வளர்ப்பதுண்டு. பணிவான மருமகள் வேண்டும் என்பதே, வறுமைக்கு இணையாக, இவ்வழக்கத்தை நிலைநிறுத்தியது என்பது என் கருத்து. பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கோ ஒரு வயிறு குறைந்தது. பிறர் வீட்டுக்குப் போகப்போகிற மகளை வளர்ப்பது வீண் செலவென்று கருதப்பட்ட காலம் அது.

இல்லறம்: இங்கேதான் மலிவான வழி தோற்றது. வட தைவானின் பதிவேடுகளை ஆராய்ந்த மானிடவியலாளர் ஆர்தர் வுல்ஃப், உடன்பிறந்தாரைப் போல வளர்ந்த இத்தம்பதியரிடையே பிள்ளைப்பேறு குறைந்தும் மணமுறிவு மிகுந்தும் இருந்ததைக் காட்டினார்.

கையில் பணமின்றி, மகனுக்கு மணமே அமையாது என அஞ்சிய வீட்டுக்கும், அதிகாரத்தை விட விரும்பாத மாமியாருக்கும் வளர்ப்பு மருமகள் ஏற்றவளாகத் தோன்றினாள். பேரப்பிள்ளைகளும் சம்பந்தி உறவும் வேண்டிய வீட்டுக்கு வளர்ந்த மணமகளே பொருந்தினாள். சிறுமியின் விருப்பத்தை இரு தரப்பும் கேட்கவில்லை. சீனாவின் 1950-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இவ்வழக்கத்தைத் தடைசெய்து, பெண்ணின் மணவயதை 18 என வரையறுத்தது.