கல்லட்டி இறக்கமும் திரும்பி வராத ஸ்டீயரிங்கும்

கோத்தகிரி நண்பர் ஒருவர் நான் ஓட்டும் அதே ரகக் காரைப் பழையதாக வாங்கப் பார்க்கிறார். "மலைக்கு ஸ்டீயரிங் எப்படி?" என்று கேட்டார். மின்மோட்டார் உதவியோடு திரும்பும் அந்த பவர் ஸ்டீயரிங்கிற்குச் செலவழித்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குன்னூர் மார்க்கெட் நெரிசலில் வண்டியை ஒடித்துத் திருப்ப ஒரு கை போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாக ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் தோள் வலித்ததே இல்லை. ஆயில் அழுத்தத்தால் ஸ்டீயரிங்கிற்கு உதவும் என் பழைய ஹைட்ராலிக் வண்டியில் பம்ப் என்ஜினோடு ஓயாமல் சுற்றும், ஆயில் கசியும், பெல்ட் கத்தும். இதில் அந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

என் குறையெல்லாம் வளைவு முடிகிற இடத்தில்தான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 வளைவுகள். முழுவதும் ஒடித்து வெளியே வரும்போது பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேராக வேண்டும். முன்சக்கரங்கள் திரும்பும் அச்சைச் சாய்த்து அமைப்பதே பெரும்பாலும் அதற்காகத்தான். இந்தக் காரில் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. மீதியை நான் இழுக்க வேண்டும். எதிரே லாரி ஏறி வருகிறது, காலை பிரேக்கிலிருந்து எடுக்க முடியாது, அடுத்த வளைவு மறுபக்கம் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு இந்த வேலை எதற்கு?

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. ஸ்டீயரிங் தண்டுக்குள் ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. நாம் திருப்பும்போது அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று சென்சார் அளக்கிறது. கணினி அதையும் வண்டியின் வேகத்தையும் பார்த்து மோட்டாருக்கு மின்சாரம் விடுகிறது. என் காரில் மோட்டார், திருகு போன்ற பல்லமைப்புள்ள வார்ம் கியர் வழியாகத் தண்டைத் திருப்புகிறது. சக்கரங்கள் நேராக முயலும்போது அந்தக் கியரின் உராய்வையும் மோட்டாரையும் சேர்த்தே தள்ள வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் அது முடியும். கொண்டை ஊசி வளைவில் ஊர்ந்து வரும்போது முடிவதில்லை. மோட்டாரையே கொண்டு ஸ்டீயரிங்கை நடுவுக்குத் திருப்பக் கணினியைப் பழக்கலாம், பல கார்களில் அது நன்றாகவே நடக்கிறது. இதை அமைத்தவர்கள் மலைச்சாலையை நினைக்கவில்லை என்பதே என் எண்ணம்.

இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்த என்ஜினை அணைப்பவர்கள் கவனிக்க வேண்டும். மோட்டாரின் உதவி நின்றுவிடும். தண்டு சக்கரத்தோடு நேரடியாக இணைந்திருப்பதால் திருப்ப முடியும், ஆனால் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். பிரேக்கின் துணை விசையும் சீக்கிரமே தீர்ந்துபோகும். உயிரோடு விளையாட வேண்டாம்.

இப்போது செலவுக்கு வருகிறேன். மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங்கிற்குள் டக் டக் என்று சத்தம். சர்வீஸ் சென்டரில் தண்டு, மோட்டார் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்கள். மேட்டுப்பாளையத்து மெக்கானிக் மோட்டாரைக் கழற்றி, கியரோடு அதை இணைக்கும் சிறிய ரப்பர் நொறுங்கிக் கிடந்ததைக் காட்டினார். அதை மட்டும் மாற்றினார், சத்தம் போய்விட்டது. முழுத் தண்டுக்கும் பணம் கட்டிய எத்தனை பேருக்கு அந்த ரப்பர் மட்டும் போதுமானதாக இருந்திருக்கும்?

ஸ்டீயரிங் இப்போதும் தானாகத் திரும்புவதில்லை. இவ்வளவு பாராட்டிய பிறகும் நண்பருக்கு என் பதில், வாங்காதீர்கள் என்பதுதான். மனது கேட்காவிட்டால், முன்பணம் கொடுக்கும் முன் ஆளில்லாத ஒரு வளைவில் மெதுவாகத் திருப்பி, வெளியே வரும்போது பிடியைச் சற்றே தளர்த்திப் பாருங்கள்.