கூற்று சரி, காரணம்?

அண்ணன் மகள் பத்தாவது முடித்த கையோடு வீட்டில் பட்டிமன்றம் ஆரம்பித்துவிட்டது: ஸ்டேட் போர்டிலேயே தொடர்வதா, வெளிநாட்டுப் பாடத்திட்டங்களான கேம்பிரிட்ஜா, ஐ.பி.யா (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்)? பின்னிரண்டு பள்ளிகளின் கையேட்டிலும் 'கிரிட்டிக்கல் திங்கிங்' (எதையும் அலசி, கேள்வி கேட்டு யோசிப்பது) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அண்ணி அதில்தான் மயங்கினார். வளசரவாக்கத்தில் ட்யூஷன் எடுக்கிறவன் என்பதால் பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது.

கேம்பிரிட்ஜில் இது தனிப்பாடமே. திங்கிங் ஸ்கில்ஸ், பாட எண் 9694. ஏ.எஸ். என்ற முதல் கட்டத்துக்கு இரண்டு தாள், பிளஸ் டூவுக்கு இணையான முழு ஏ லெவலுக்கு நான்கு. இரண்டாம் தாள்தான் விஷயம்: 1 மணி 45 நிமிடம், 50 மதிப்பெண். ஒரு பத்தியைக் கொடுத்து முடிவு எது, ஓட்டை எங்கே, சொல்லாமல் விட்ட ஊகம் என்ன என்று துருவுவார்கள். கடைசியில் நாமே ஒரு வாதம் எழுத வேண்டும்.

அவளுக்குப் புரியட்டும் என்று வடபழனி சிக்னலில் தொங்கிய ஒரு கோச்சிங் சென்டர் பேனரைக் காட்டினேன். 'எங்களிடம் படித்த 40 பேருக்கு டாக்டர் சீட்.'

"மொத்தம் எத்தனை பேர் எழுதினாங்க சித்தப்பா?" என்றாள். சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்த பிறகு, "அந்த 40 பேரும் வேற எங்கயும் படிக்கலையா?" இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது.

ஐ.பி.யின் தியரி ஆஃப் நாலெட்ஜ் வேறு ஜாதி. 'தெரியும்' என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதே அங்கே கேள்வி. 1,600 சொல்லில் ஒரு கட்டுரை. மூன்று பொருள்களை வைத்து 950 சொல்லில் ஒரு கண்காட்சி. ஐ.பி.யில் தனியாக எழுத வேண்டிய நீள் கட்டுரையோடு சேர்த்து, டிப்ளமாவின் மொத்தம் 45 புள்ளியில் இதற்கு அதிகபட்சம் 3தான், ஆனால் இதில் 'ஈ' கிரேடு வந்தால் டிப்ளமாவே போச்சு. நல்ல ஆசிரியர் கிடைத்தால் அமிர்தம். இல்லாவிட்டால், 'ஒரு பக்கம் பார்த்தால், மறுபக்கம் பார்த்தால்' என்று ஜவ்வாக இழுக்கத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

சி.பி.எஸ்.இ.யில் தனிப்பாடம் இல்லை. திறன் சார்ந்த கேள்விகளைக் கூட்டியிருக்கிறார்கள், அவ்வளவே.

நம் ஸ்டேட் போர்டிலும் தனிப்பாடம் கிடையாது. ஆனால் 'கூற்று - காரணம்' வினா இருக்கிறதே, அது தங்கம்! இரண்டும் உண்மையாக இருந்தும், காரணம் கூற்றை விளக்காமல் போகலாம் என்று காட்டும் வினா அது. என் மாணவர்கள் அதைப் படிக்கிற லட்சணம்: "சார், புக் பேக்ல நாலாவது, ஆப்ஷன் இ." மலையில் புகை தெரிந்தால் தீ உண்டு, அடுக்களையில் கண்டதுபோல என்று மணிமேகலையின் 29ஆம் காதை வாதத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டுகிறது. அந்த மொழியில் படிக்கிற பிள்ளை ஆப்ஷனை மனப்பாடம் செய்கிறது.

வெளிநாட்டில் படிக்கப் போகிறவள் என்றால் திங்கிங் ஸ்கில்ஸுக்கே என் ஓட்டு. இவளுக்கோ கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் கனவு. கலந்தாய்வு கட் ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50; நான்காவதாக ஒன்றுக்கு இடமே இல்லை. அதனால் ஸ்டேட் போர்டு. சனிக்கிழமை மாலை மட்டும் கேம்பிரிட்ஜின் பழைய இரண்டாம் தாளிலிருந்து ஒரு பத்தி.

முதல் வாரம் கடைசி வரியைத்தான் முடிவு என்று அடிக்கோடிட்டாள். முடிவு இரண்டாவது வரியில் இருந்தது.