ஏற்காட்டு மலை ஓட்டம்: பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

ஏற்காடு ஹாஃப் மாரத்தான்னு ஒரு போஸ்டர் மறுபடியும் வாட்ஸ்அப்புல சுத்த ஆரம்பிச்சிருக்கு. காபித் தோட்டம், பனி, கையைத் தூக்கிக்கிட்டு சிரிக்கிற முகங்கள். போன தடவை இதே ஆளுங்ககிட்ட நானும் என் கூட்டாளிகளும் பணம் கட்டி ஓடினோம். அதனால எழுதுறேன்.

தலைக்கு 1,400 ரூபா. ஓடுற நேரத்தைப் பதியுற டைமிங் சிப், மெடல், வழி நெடுக தண்ணி, ஆம்புலன்ஸ், ஓடி முடிச்சதும் டிபன். எல்லாம் உண்டுன்னாங்க. பணம் போனது ஒரு தனி ஆளோட ஜிபே நம்பருக்கு. ரசீது கேட்டா, "ஸ்கிரீன்ஷாட் போதும் சார்"னு பதில். விடியுறதுக்கு முன்னாடியே அடிவாரத்துல சேர்ந்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏரிப் பக்கம் போனா, தயாரா இருந்தது ஸ்பீக்கர் மட்டும்தான். பாட்டு சத்தத்துக்கு மட்டும் குறையே இல்ல. சிப் எங்கேன்னா "அடுத்த வருஷம் சார்". நெஞ்சுல குத்துற நம்பரை மார்க்கர்ல எழுதிக் கொடுத்தாங்க. பனி ஈரத்துலயே பாதி அழிஞ்சிருச்சு.

தார் ரோட்டுல ஓடும்போது வழி சொல்ல ஆள் இல்லேன்னாலும் சமாளிச்சுக்கலாம். எஸ்டேட்டுக்குள்ள அப்படி இல்ல. சில்வர் ஓக் மரம், அதுல ஏறின மிளகுக் கொடி, கீழ காபிச் செடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சிவப்பு-வெள்ளை ரிப்பன் கட்டிக்கிட்டே வந்தவங்க, பாதை மூணாப் பிரியுற இடத்தோட நிறுத்திட்டாங்க. ரிப்பன் தீர்ந்து போச்சாம், அப்புறம்தான் தெரிஞ்சது. காட்டெருமை நடமாடுற மலை இது. கடைசி ஆளுக்குப் பின்னால வந்து எல்லாரும் திரும்பிட்டாங்களான்னு பார்க்க ஒருத்தரும் இல்ல.

குத்துமதிப்பா ஒரு பாதையைப் பிடிச்சு ஓடினோம். ஒரு கேட்டுல வாட்ச்மேன் மறிச்சார். "யாரைக் கேட்டுங்க உள்ள வந்தீங்க?" எஸ்டேட்காரங்ககிட்ட இவங்க சொல்லவே இல்ல! மனுஷன் கத்தினதுல தப்பே இல்ல. அவர் பக்கத்துல நின்ன அம்மாதான் எங்க முகத்தைப் பார்த்துட்டு, "தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போங்க கண்ணு"ன்னு சொம்புல கொண்டு வந்து கொடுத்தாங்க. அன்னிக்கு வழியில எங்களுக்குக் கிடைச்ச ஒழுங்கான தண்ணி அது ஒண்ணுதான்.

ஏன்னா இவங்க போட்டிருந்த தண்ணி பாயின்ட்ல இருந்தது ஒரு டேபிள், கவுத்து வச்ச காலி கேன், ஒரு காலேஜ் பையன். "வண்டி வந்துட்டே இருக்குன்னாங்கண்ணா"ன்னு அவன் அழாத குறை. அவனைத் திட்டி என்ன ஆகப்போகுது? ஒரு பக்கெட்ல ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) கலக்கி வச்சிருந்தான். 1 லிட்டர் தண்ணிக்கு ஒரு பெரிய பாக்கெட்னு கவர்லயே போட்டிருக்கும். அந்த பக்கெட் தண்ணிக்கே ஒரே ஒரு பாக்கெட்டாம். மலைக் குளிர்ல வேர்வை போறதே தெரியாது. உப்பு இல்லாம வெறும் தண்ணியா குடிச்சுத் தள்ளினாலும் உடம்புக்கு ஆபத்துதான்.

இறக்கத்துல எங்க மாப்ள ஒருத்தனுக்குக் கணுக்கால் பிசகிருச்சு. ஆம்புலன்ஸ்னு சொன்னது ஒரு ஆம்னி வேன். உள்ள ஸ்ட்ரெச்சர் கிடையாது, டிபன் டப்பா அடுக்கியிருந்தாங்க. தோள்ல கை போட்டு நாங்களே ரோடு வரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வந்தோம்.

ஹாஃப் மாரத்தான்னா 21.1 கிலோமீட்டர். எங்க யார் வாட்ச்லயும் 16-ஐத் தாண்டல. ஆனா வந்த சர்டிஃபிகேட்ல எல்லாருக்கும் 21.1 தான். பாதியில உக்காந்துட்ட மாப்ளைக்கும் சேர்த்து!

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "பணம் திரும்பத் தரப்படாதுன்னு ஃபார்ம்லயே இருக்கே சார்"னு ஒரு மெசேஜ், அதோட எங்களை குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க. அப்படி ஒரு வரி போட்டுட்டா, சொன்னதைச் செய்யாமலே பணத்தை வச்சுக்கலாம்னு அர்த்தம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு கூப்பிட்டு புகார் பதிஞ்சாச்சு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் ரூபா வரைக்கும் கட்டணமே இல்ல, வக்கீலும் கட்டாயமில்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போட்டா போதும்.

இனி யார் மலை ஓட்டம் நடத்தினாலும், எஸ்டேட்காரங்க கொடுத்த சம்மதக் கடிதம், பாதை காட்டுக்குள்ள போனா வனத்துறை அனுமதி, ரெண்டையும் முதல்ல காட்டச் சொல்லுங்க. 2018-ல தேனி மாவட்டம் குரங்கணியில மலையேறப் போனவங்க அத்தனை பேர் காட்டுத்தீயில செத்ததுக்கு அப்புறமும் அனுமதியைச் சும்மா சம்பிரதாயம்னு நினைக்கிறவங்க இருக்காங்க. பாதையோட ஜிபிஎக்ஸ் ஃபைலையும் (ஜிபிஎஸ்ல பதிஞ்ச வழித்தடம்) கேளுங்க. நிஜமாவே ஓடிப் பார்த்துப் பாதை போட்டவங்ககிட்ட அது இருக்கும்.

அன்னிக்கு எங்களோட ஓடினவங்க ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ச் ரெக்கார்டு, அந்த 21.1 சர்டிஃபிகேட் எதையும் அழிச்சிடாதீங்க. எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, மனுவைச் சேர்ந்தே போட்டுடலாம்.