லெவான்ட் தபால்தலைத் தொகுப்பு: மேலச்சை விட்டு முத்திரையைப் பாருங்கள்

இணைய ஏலத்தில் ஐரோப்பிய விற்பனையாளர் ஒருவரிடம் எடுத்த "லெவான்ட்" தபால்தலைத் தொகுப்பு, ஐந்து வாரக் காத்திருப்புக்குப் பின் சென்ற மாதம் கைக்கு வந்து சேர்ந்தது. பதினாறு பக்க ஸ்டாக்புக்கில் (தலைகளைச் செருகி வைக்கும் ஏட்டில்) 212 தலைகளும், தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் 9 பழைய கடித உறைகளும் இருந்தன. தபால் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்த்து 18,400 ரூபாய் ஆயிற்று. இத்தகைய தொகுப்பை வாங்க நினைப்பவர்களுக்கு, பணம் எங்கே வீணாகிறது, எங்கே எதிர்பாராமல் திரும்பக் கிடைக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

உதுமானியப் பேரரசின் எல்லைக்குள் அயல்நாடுகள் நடத்திய அஞ்சலகங்களின் தலைகளையே சேகரிப்பாளர்கள் லெவான்ட் என்கிறார்கள். சுல்தான்கள் ஐரோப்பிய வணிகர்களுக்கு அளித்த சலுகை உடன்படிக்கைகளின் பேரில் ஆஸ்திரியா, ரஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி ஆகிய ஆறு நாடுகள் கான்ஸ்டான்டிநோபிளிலும் துறைமுக ஊர்களிலும் தத்தம் அஞ்சலகங்களை நடத்திவந்தன. உதுமானிய அரசு 1840-இல் தன் அஞ்சல் துறையை அமைத்தது. 1863-இல் தபால்தலை வெளியிட்டது. 1874-இல் பெர்ன் நகரில் அஞ்சல் ஒன்றியம் உருவானபோது தொடக்க உறுப்பினராகவும் சேர்ந்தது. அதன் பிறகும் அயல் அஞ்சலகங்கள் இடத்தைக் காலி செய்யவில்லை. 1901-இல் அவற்றின் அஞ்சல் பைகளை அரசு கைப்பற்றிப் பார்த்தது. தூதரகங்கள் சீறியதும் பின்வாங்க வேண்டியதாயிற்று. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் தணிக்கைக்கு அஞ்சிய உள்ளூர்க்காரர்களே அயல் அஞ்சலகத்தை நாடினார்கள் என்பதும், பாரிஸில் அச்சான எதிர்ப்பு இதழ்கள் அந்த வழியாகத்தான் ஊருக்குள் நுழைந்தன என்பதும் இந்தத் துறையின் சுவையான பகுதி.

தொகுப்புக்கு வருகிறேன். விற்பனையாளர் அதை நாடுவாரியாக, கேட்லாக் எண் வரிசையில் அடுக்கியிருந்தார். பார்வைக்கு அழகாகவே இருந்தது. பெரும்பாலானவை மேலச்சிட்ட தலைகள். அதாவது, தாய்நாட்டுத் தலையின் மேல் உதுமானிய நாணயங்களான பாரா, பியாஸ்டரில் மதிப்பை அச்சிட்டவை. நாற்பது பாரா ஒரு பியாஸ்டர். வெளிநாட்டுக்குச் செல்லும் சாதாரணக் கடிதத்தின் கட்டணம் ஒரு பியாஸ்டர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் தொகுப்பின் பாதி விளங்கிவிடும். பிரிட்டனின் 2½ பென்ஸ் மேல் "40 பாரா", ஜெர்மனியின் 20 ஃபென்னிக் மேலும் பிரான்ஸின் 25 சென்டைம் மேலும் ஆஸ்திரியாவின் 10 கிராய்ட்சர் மேலும் "1 பியாஸ்டர்" என, ஒரே கட்டணம் நான்கு நாணயங்களில் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மனி 1884-இலும், பிரிட்டனும் பிரான்ஸும் 1885-இலும் இதைத் தொடங்கின. ரஷ்யப் பக்கத்தில் கப்பல் படம் போட்ட 1909-ஆம் ஆண்டுத் தலைகள் பதினான்கு இருந்தன. ஜாஃபா, ஜெருசலேம், ஸ்மிர்னா, பெய்ரூட் என்று ஊருக்கு ஊர் தனி மேலச்சு. சேகரிப்பாளர் பையில் கை விடுவதற்கென்றே அச்சிட்டார்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. இத்தாலியப் பக்கம் சொற்பம்; அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நிலையைப் பொறுத்தவரை "மிக நல்ல நிலை" என்ற விவரிப்பு மிகை. முப்பதுக்கும் மேற்பட்ட தலைகளின் பின்புறம் பழைய ஹிஞ்சுகள் (தலையை ஆல்பத்தில் பொருத்தும் சிறு காகிதத் துண்டுகள்) ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. ஆஸ்திரியத் தலைகளில் ஆறு, ஓரத் துளைகள் பழுப்பேறி உதிரும் நிலையில் இருந்தன. இதுகூடப் பரவாயில்லை. 1906-இல் பெய்ரூட்டின் பிரிட்டிஷ் அஞ்சலகத்தில் ஒரு பியாஸ்டர் தலைகள் தீர்ந்துபோனபோது, 2 பென்ஸ் தலையின் மேல் உள்ளூரிலேயே "1 பியாஸ்டர்" என்று அச்சிட்டுச் சமாளித்தார்கள். அபூர்வமான அந்தத் தலை இந்தத் தொகுப்பில் இருப்பதாக விற்பனையாளர் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். நிபுணர் சான்றிதழ் இல்லை. லென்ஸை வைத்துப் பார்த்தபோது, மேலச்சின் மை, அஞ்சலக முத்திரையின் மை மேல் ஏறிக் கிடந்தது. முதலில் தபாலில் போய், பிறகு மேலச்சுப் பெற்ற தலை உலகில் இருக்க முடியாது. பயன்படுத்திய சாதாரண 2 பென்ஸ் தலையை எடுத்து எவரோ வேலை காட்டியிருக்கிறார். ஜெனீவாவில் உட்கார்ந்துகொண்டு ஃபூர்னியே போலித் தலைகளை விலைப்பட்டியல் போட்டு விற்ற காலத்திலிருந்து சேகரிப்பாளர்களைத் தொடர்ந்துவரும் தொல்லை இது. படங்களுடன் எழுதியபின், விற்பனையாளர் வாதாடாமல் அந்தத் தலைக்குரிய தொகையைப் பதினொரு நாளில் திருப்பி அனுப்பினார். அதை அவருக்கு வரவு வைக்கிறேன். தெரியாமல் விற்றாரா என்ற கேள்வியைக் கேட்கவில்லை.

இனி, கிடைத்த ஆதாயம். ஸ்டாக்புக்கின் கடைசிப் பக்கத்தில், "இதர" என்ற தலைப்பில், மேலச்சு எதுவும் இல்லாத சில தலைகளை விற்பனையாளர் ஒதுக்கிவிட்டிருந்தார். 1885-க்கு முன்பு பிரிட்டிஷ் அஞ்சலகங்களில் லண்டனில் விற்கும் அதே தலைதான் விற்றது. எந்த ஊரில் பயன்பட்டது என்பதை முத்திரை ஒன்றே சொல்லும். கோடுகளுக்கு நடுவே "சி" என்ற எழுத்து இருந்தால் கான்ஸ்டான்டிநோபிள், "எஃப் 87" என்றால் ஸ்மிர்னா, "ஜி 06" என்றால் பெய்ரூட். ஒதுக்கிய அந்தப் பக்கத்தில் 2½ பென்ஸ் நீல விக்டோரியா ஒன்று "எஃப் 87" முத்திரையைத் தெளிவாகத் தாங்கியிருந்தது. அதன் கீழே, நம் ஊர்ப் பழைய ஆல்பங்களில் கணக்கின்றிக் கிடக்கும் அரை அணாப் பச்சை இந்தியத் தலை ஒன்று. பாக்தாதும் பாஸ்ராவும் உதுமானிய ஆட்சியில் இருந்தபோதே, 1868 முதல் 1914 வரை, அங்கே இந்திய அஞ்சல் துறை தன் அலுவலகங்களை நடத்தியது. பம்பாயிலிருந்து பாரசீக வளைகுடா வழியாகக் கப்பலில் தபால் போயிற்று. அந்தத் தலையில் விழுந்திருந்தது பாஸ்ரா முத்திரை. தலையின் விலை பத்து ரூபாய் இருக்கும். முத்திரைக்காகத்தான் அதை இப்போது தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒன்பது உறைகளில் ஏழு, வெறுமனே தலை ஒட்டி முத்திரை வாங்கிய சேகரிப்பாளர் தயாரிப்புகள். வழக்கமான கட்டணத்தைவிட மூன்று மடங்கு தலை ஒட்டியிருப்பதே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மற்ற இரண்டும் உண்மையான வணிகக் கடிதங்கள். அதில் ஒன்று 1914 செப்டம்பரில் கான்ஸ்டான்டிநோபிளின் ஆஸ்திரிய அஞ்சலகத்திலிருந்து வியன்னாவுக்குப் போனது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று உதுமானிய அரசு அயல் அஞ்சலகங்கள் அனைத்தையும் மூடியது. முதல் உலகப் போருக்குப் பின் வென்ற நாடுகளின் அஞ்சலகங்கள் சில திரும்பி வந்து 1923 லொசான் உடன்படிக்கையோடு முடிவுக்கு வந்தாலும், ஆஸ்திரியா திரும்பவே இல்லை. ஆகவே இந்த உறை, ஏறத்தாழ இருநூறு ஆண்டு நடந்த ஒரு சேவையின் கடைசி வாரங்களைச் சேர்ந்தது.

திரும்ப வந்த தொகையைக் கழித்தால் எனக்கு 15,100 ரூபாய் செலவு. மேலச்சுத் தலைகளை மட்டும் கணக்கிட்டால் இது அதிகம். அவற்றில் பெரும்பாலானவை சில்லறையாகவே மலிவாகக் கிடைக்கும். இதே விற்பனையாளரிடம் மறுபடியும் வாங்குவேன், ஆனால் சான்றிதழ் இல்லாத அபூர்வத்துக்கு ஒரு காசும் சேர்த்துக் கொடுக்க மாட்டேன். கடைசிப் பக்கங்களின் படத்தைப் பெரிதாக்கி அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகே ஏலம் கேட்பேன்.